ஃபங்ஷன்னா சாப்பாடு உண்டா, சார்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எல்லோருக்கும் வரும் தலைப்புகள்தான் எனக்கும் முதலில் வந்தன. இளைஞர் சக்தி, நட்பு, அம்மா... நட்பைப் பற்றி இந்த மலரிலேயே நாலு கவிதையாவது இருக்கும். ஆகவே நான் கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன். தயவு செய்து பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! எழுதுபவன் கணக்குப் புலி இல்லை. முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்து, மறுபடி எழுதி, கரையேறியவன். கரையேறியவனுக்குத்தான் ஆழம் எங்கே என்று தெரியும், இல்லீங்களா?

முதலாண்டு, முதல் வாரம். சார் கரும்பலகையில் ‘ஃபங்ஷன்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஃபங்ஷன்னா சாப்பாடு உண்டா, சார்?”

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். நம்ம ஊரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த எங்களுக்குக் கணக்கில் வரும் ஃபங்ஷனின் பெயர் ‘சார்பு’. பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’தான். அம்புக்குறி படம் போட்டோம், மார்க் வாங்கினோம், பரீட்சை முடிந்த அன்றே மறந்தோம். இங்கே வந்து பார்த்தால் அதே ஆள் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். அடையாளம் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, என் விடுதி அறை நண்பன் வகுப்பில் எழுந்து நின்றான்.

“சார், ‘எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டினா 25’. இதுல அழகா ஒரு சூத்திரம் இருக்கு. இதை ஃபங்ஷன் இல்லங்கறீங்க. மார்க் லிஸ்ட்ல ரோல் நம்பருக்கு எதிரே மார்க் இருக்கு. அதுல சூத்திரமே கிடையாது. அதைப் போய் ஃபங்ஷன்ங்கறீங்க. அது எப்படி சார்?”

வகுப்பு மறுபடியும் சிரித்தது. ஆனால் இது சாப்பாட்டு ஜோக்குக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. “டெஃபனிஷனை அப்படியே எழுதுப்பா, மார்க் வந்துடும். உட்காரு” என்று பதில் வந்தது. உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் எந்த வகுப்பிலும் எழுந்திருக்கவே இல்லை. முதல் செமஸ்டரில் கணிதம் போயிற்று. இரண்டாவதில் இன்னும் இரண்டு பேப்பர் போயிற்று. மூன்றாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டும் நாளில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான் போனான் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக் கஷ்டமும் இருந்தது. ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்கு நான் கட்டும் அபராதம்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், பிறகு தட்டுத் தடுமாறிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: அவன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. பெரிய பெரிய கணித மேதைகளே நூறு வருஷம் மோதிக்கொண்ட கேள்வி!

பந்தியில் ஒரு பாடம்

அவனுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். அதுவும் ‘ஃபங்ஷன்’ வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். வாருங்கள், ஒரு கல்யாணப் பந்திக்குப் போவோம்.

பந்தியில் இலை போட்டாயிற்று. விருந்தாளிகள் வந்து உட்காருகிறார்கள். பெண் வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று இரண்டே இரண்டு விஷயம் கவனிக்கிறார். ஒன்று, வந்தவர் யாரும் இலை இல்லாமல் நிற்கக் கூடாது. இரண்டு, ஒரே ஆள் இரண்டு இலையில் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பந்தி சரி. அவ்வளவுதான் நண்பர்களே, சார்பு என்பதன் இலக்கணம்! ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஓர் இலை உண்டு. ஒரே ஓர் இலைதான் உண்டு.

வந்த விருந்தாளிகள் கூட்டத்துக்குப் புத்தகத்தில் சார்பகம் என்று பெயர். போட்டிருக்கும் மொத்த இலைகள் துணைச் சார்பகம். ஆள் உட்கார்ந்த இலைகள் மட்டும் வீச்சகம். மூன்று பெயரையும் மனப்பாடம் செய்து குழம்பியிருப்போம். பந்தியை நினைத்துக்கொண்டால் ஜென்மத்துக்கும் மறக்காது.

இப்போது பெரியவர் எதைக் கண்டுகொள்ளவில்லை என்று பாருங்கள். ஒரு தாய் தன் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே இலையில் ஊட்டிவிடுகிறாள். இரண்டு பேர், ஓர் இலை. பெரியவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கடைசியில் நாலு இலை காலியாகக் கிடக்கிறது. அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆகவே இரண்டு பேருக்கு ஒரே பதில் வரலாம். சில பதில்களுக்கு ஆளே இல்லாமலும் போகலாம். இவையெல்லாம் சார்பைக் கெடுக்காது. ஒருவருக்கு இரண்டு பதில் வருவதும், ஒருவருக்குப் பதிலே வராததும்தான் கெடுக்கும். பரீட்சையில் நாம் தப்பு விடுவது இங்கேதான். தாயும் குழந்தையும் ஓர் இலையில் இருப்பதைப் பார்த்து ‘சார்பு இல்லை’ என்று எழுதிவிட்டு வருகிறோம்.

இப்போது என் நண்பனின் முதல் கேள்வி. எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டினால் 25. எக்ஸுக்கு 3 கொடுங்கள். ஒய் 4 ஆகலாம், கழித்தல் 4-உம் ஆகலாம். ஒரு விருந்தாளிக்கு இரண்டு இலை! எக்ஸுக்கு 7 கொடுங்கள். 49-ஐத் தாண்டி 25-க்கு எப்படி வருவது? மெய்யெண்ணில் விடையே கிடையாது. இந்த விருந்தாளி இலை இல்லாமல் நிற்கிறார்! சூத்திரம் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன, பந்தி குளறுபடி ஆகிவிட்டது. அதனால் அது சார்பு இல்லை. வட்டத்தின் மேல் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் இரண்டு இடத்தில் வெட்டுகிறதே, அந்தக் குத்துக்கோட்டுச் சோதனை என்பது இந்தப் பெரியவர் கையில் இருக்கும் கைத்தடிதான்.

இரண்டாவது கேள்வி, மார்க் லிஸ்ட். ஒவ்வொரு ரோல் நம்பருக்கும் எதிரே ஒரு மார்க். இரண்டு பேர் 35 வாங்கியிருக்கலாம், தாயும் சேயும் மாதிரி. 99-ஐ யாருமே வாங்காமல் இருக்கலாம், காலி இலை மாதிரி. பரவாயில்லை, அது சார்புதான். பரீட்சைக்கே வராதவன் பெயருக்கு எதிரே கோடு போட்டிருந்தால்? அவனுக்கு இலை இல்லை. அப்போது ‘பரீட்சை எழுதியவர்கள்’ என்று கூட்டத்தைச் சுருக்கிச் சொன்னால் சார்பு. சூத்திரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்லப் பத்து நிமிஷம் போதும். சொல்லியிருந்தால்...?

ஆய்லருக்கும் வந்த சந்தேகம்

‘ஃபங்ஷன்’ என்ற சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டு வந்தவர் லைப்னிட்ஸ். 1673-இல் அவருடைய கையெழுத்துப் படிகளில் அது வருகிறது. ஆனால் அவர் சொன்ன பொருள் வேறு. வளைகோட்டோடு சம்பந்தப்பட்ட தொடுகோடு மாதிரியான நீளங்களைத்தான் அவர் அப்படிக் குறிப்பிட்டார். பிறகு 1748-இல் ஆய்லர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்ன இலக்கணம் என்ன தெரியுமா? மாறியையும் மாறிலிகளையும் எண்களையும் வைத்து எப்படியாவது அமைக்கப்பட்ட ஒரு கோவைதான் சார்பு என்றார். அதாவது சூத்திரம்! என் நண்பன் எதை நினைத்தானோ அதையேதான் ஆய்லரும் நினைத்தார். இன்னொரு விஷயம்: ஒரு மாறிக்கு இரண்டு மூன்று மதிப்பு வந்தால்கூட ஆய்லர் அதைத் தள்ளிவிடவில்லை, ‘பல மதிப்புச் சார்பு’ என்று ஏற்றுக்கொண்டார். ஆகவே அந்த வட்டத்தை ஆய்லரிடம் கொண்டு போயிருந்தால், “சார்புதானப்பா, உட்காரு” என்று என் நண்பனுக்கு ஆதரவாகவே பேசியிருப்பார்!

சண்டையைக் கிளப்பியது ஒரு கம்பி. மெக்கானிக்ஸில் நாம் படிக்கும் அதே டி அலெம்பர்ட், 1747-இல் அதிரும் கம்பிக்கு ஒரு சமன்பாடு எழுதினார். கம்பியின் தொடக்க வடிவம் ஒரே கோவையில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆய்லருக்கு அது ஒத்துவரவில்லை. வீணைக் கம்பியை நடுவில் கிள்ளி இழுத்துப் பாருங்கள். இரண்டு நேர்க்கோடு, நடுவில் ஒரு முனை. ஒரே சூத்திரத்தில் அடங்காத வடிவம்தான், ஆனாலும் கம்பி நம் கண் முன்னால் இருக்கிறதே! 1755-இல் ஆய்லரே தன் இலக்கணத்தை அகலப்படுத்தினார். ஓர் அளவு மாறும்போது அதைப் பொறுத்து இன்னோர் அளவும் மாறினால், அது இதன் சார்பு என்றார். நம் தமிழ்ச் சொல் ‘சார்பு’ இந்தப் பொருளில்தான் நிற்கிறது.

பிறகு ஃபூரியர் வந்தார். 1822-இல் வந்த வெப்பம் பற்றிய புத்தகத்தில், துண்டு துண்டாக உடைந்த வளைகோட்டைக்கூட சைன், கொசைன் அலைகளைக் கூட்டி எழுதலாம் என்று காட்டினார். சூத்திரம் உள்ளது, சூத்திரம் இல்லாதது என்று போட்டிருந்த வேலி அதோடு சாய்ந்தது. 1829-இல் டிரிக்லே ஒரு விசித்திரமான உதாரணம் கொடுத்தார். விகிதமுறு எண்ணைக் கொடுத்தால் ஒரு மதிப்பு, விகிதமுறா எண்ணைக் கொடுத்தால் வேறொரு மதிப்பு. 1, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் காகிதத்தில் வரையவே முடியாது. ஆனால் எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரே பதில் உண்டு. 1837-இல் அவரே விஷயத்தைத் தெளிவாக வைத்தார். ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய் இருந்தால் போதும், முழுவதும் ஒரே விதிப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார்.

1748-இலிருந்து 1837 வரை கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம்! அத்தனை பெரிய தலைகளுக்கே அத்தனை காலம் பிடித்த விஷயம். பத்தாம் வகுப்பு முடித்து, பஸ் பாஸ் எடுத்துக்கொண்டு வந்த ஒரு பையனுக்கு, மூன்று வரி டெஃபனிஷனில் புரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தோம். புரியவில்லை என்றதும் சிரித்தோம்.

மரம் எப்போது நீச்சல் கற்றது?

“சரிப்பா, இதெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு சரி. நாளைக்கு சைட்டில் நிற்கும்போது இது எதற்கு?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன், சர்வே கேம்ப் போகும் வரை.

ஓர் ஏரிக்கரை. முதல் முளைக்கும் இரண்டாம் முளைக்கும் 90 மீட்டர். முதல் முளையில் தியோடலைட்டை நிறுத்தி, இரண்டாம் முளைக்கும் கரையோரப் புளியமரத்துக்கும் நடுவே கோணம் எடுத்தோம். சரியாக 30 டிகிரி. இரண்டாம் முளையிலிருந்து மரத்துக்கு டேப் பிடித்தோம், 60 மீட்டர். முதல் முளைக்கும் மரத்துக்கும் இடையே சீமைக் கருவேலம் புதராக மண்டிக் கிடந்ததால் அளக்க முடியவில்லை. இரண்டாம் முளையில் கோணம் எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. “சைன் விதி இருக்கு மச்சான், ராத்திரி கணக்குப் போட்டுக்கலாம்” என்றேன். சொன்னவன் நான்தான்.

ராத்திரி போட்டேன். 90-ஐ 30 டிகிரியின் சைனால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 0.75. கால்குலேட்டரில் சைன் தலைகீழ் பட்டனை அமுக்கினேன். மரத்தடிக் கோணம் 48 டிகிரி 35 நிமிஷம் என்று வந்தது. அதை வைத்து முதல் முளையிலிருந்து மரம் 117.6 மீட்டர் என்று கணக்கிட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்து, அழகாக மரம் போட்டு, பச்சையும் அடித்தேன்.

காலையில் சார் வந்து பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏம்ப்பா, இந்த மரம் எப்ப நீச்சல் கத்துக்கிச்சு?” என்றார். என் வரைபடத்தில் புளியமரம் நட்டநடு ஏரிக்குள் நின்றது!

தப்பு எங்கே? சைன் 0.75 வரும் கோணம், முக்கோணத்துக்குள் ஒன்று இல்லை, இரண்டு. 48 டிகிரி 35 நிமிஷம் ஒன்று. 180-இலிருந்து அதைக் கழித்து வரும் 131 டிகிரி 25 நிமிஷம் இன்னொன்று. இரண்டாவதை வைத்துப் போட்டால் தூரம் 38.3 மீட்டர். மரம் உண்மையில் நின்ற இடம் அதுதான். 79 மீட்டர் தள்ளி நட்டுவிட்டேன்!

கோணத்தைச் சொன்னால் சைன் ஒன்றே ஒன்று வரும். அது சார்பு. சைனைச் சொல்லிக் கோணத்தைக் கேட்டால் இரண்டு பதில் வரும். அது சார்பு இல்லை. ஆனால் கால்குலேட்டர் திரையில் ஒரு பதிலுக்குத்தான் இடம். அதனால் அதைச் செய்தவர்கள் கழித்தல் 90-இலிருந்து 90 டிகிரி வரை உள்ள கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. ‘நான் இந்த எல்லைக்குள்தான் பதில் சொல்வேன்’ என்பது அதன் ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

பந்தியில் விருந்தாளியைக் கேட்டால் இலையைக் காட்டுவார். இலையைக் காட்டி ‘இது யாருடையது?’ என்றால் தாயும் சேயும் சேர்ந்து கை தூக்குவார்கள். எந்தப் பக்கமிருந்து கேட்கிறோம் என்பதை நான் மறந்த அன்றைக்கு மரம் தண்ணீரில் இறங்கியது.

நம்ம லேப்களில் ஒரு சுற்று

சிவில்காரன் கதை போதும். மற்ற பிரிவு நண்பர்களும் கேளுங்கள்.

மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் மைல்டு ஸ்டீல் கம்பியை யு.டி.எம். இயந்திரத்தில் மாட்டி இழுக்கிறோம். ஸ்ட்ரெயினைச் சொன்னால் அந்த இழுப்பில் ஸ்ட்ரெஸ் என்ன என்று வரைபடம் ஒரே பதில் தரும். திருப்பிக் கேளுங்கள். கம்பியின் உச்ச ஸ்ட்ரெஸ் சதுர மில்லிமீட்டருக்கு 420 நியூட்டன், உடைந்தபோது 320 என்று வையுங்கள். ‘350-இல் ஸ்ட்ரெயின் எவ்வளவு?’ என்று கேட்டால் இரண்டு பதில். உச்சத்தை நோக்கி ஏறும்போது ஒன்று, கழுத்து மெலிந்து இறங்கும்போது ஒன்று. ஈல்டு பகுதியில் இன்னும் மோசம். ஸ்ட்ரெஸ் ஏறக்குறைய அப்படியே நிற்க, ஸ்ட்ரெயின் மட்டும் ஓடிக்கொண்டே போகும். ஒரு கேள்விக்கு ஏகப்பட்ட பதில். வைவாவில் திணறுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு பி-எச் வளைவு இருக்கிறது. இரும்பு உள்ளகத்தைச் சுற்றிய சுருளில் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கினால், வளைவு போன வழியே திரும்பி வராது. அதே மின்னோட்டத்துக்கு ஏறும்போது ஒரு காந்த அளவு, இறங்கும்போது வேறு அளவு. மின்னோட்டம் பூஜ்யமான பிறகும் கொஞ்சம் காந்தம் மிச்சம் நிற்கும். ‘மின்னோட்டம் இவ்வளவு, காந்தம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் இரும்பு பதில் சொல்லாது. ‘இதற்கு முன்னால் என்ன செய்தாய்?’ என்று நம்மைத் திருப்பிக் கேட்கும்! இரும்புக்கு ஞாபகம் உண்டு. அந்த மிச்சக் காந்தம் இல்லாவிட்டால் டி.சி. ஷண்ட் ஜெனரேட்டர் தானாக வோல்டேஜை எழுப்பவே முடியாது. ஆகவே சார்பு இல்லாத உறவு என்றால் உதவாத உறவு என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. தெர்மாமீட்டரில் ஏன் தண்ணீரை ஊற்றுவதில்லை? சாதாரணத் தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் சுருங்கியிருக்கும். அதற்குக் கீழே போனாலும் விரியும், மேலே போனாலும் விரியும். 2 டிகிரியிலும் 6 டிகிரியிலும் கன அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பநிலையைச் சொன்னால் கன அளவு தெரியும். கன அளவைப் பார்த்து வெப்பநிலையைச் சொல்ல முடியாது. தெர்மாமீட்டரின் வேலையே பின்னதுதான். ஒரு கருவி செய்ய வேண்டுமானால் உறவு இரண்டு பக்கமும் சார்பாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இப்படிச் சிக்கல் வரும்போது பொறியாளர்கள் கையாளும் வழி இரண்டு. ஒன்று, எல்லையைச் சுருக்குவது. கம்பியில் ‘நேர்க்கோட்டுப் பகுதிக்குள் மட்டும்’ என்று சொல்லிவிட்டால் ஸ்ட்ரெஸ்ஸும் ஸ்ட்ரெயினும் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பதில் சொல்லும். இன்னொன்று, கேள்வியை முழுசாகக் கேட்பது. மின்னோட்டத்தோடு ‘ஏறுமுகமா, இறங்குமுகமா, எவ்வளவு வரை ஏற்றினோம்’ என்பதையும் சேர்த்துக் கேட்டால் இரும்பும் ஒரே பதில் சொல்லும். மரத்தடிக் கோணம் குறுங்கோணமா விரிகோணமா என்று ஒரு வார்த்தை குறிப்பேட்டில் எழுதியிருந்தால் என் புளியமரம் கரையிலேயே நின்றிருக்கும்.

என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான். சார்பு என்பது சூத்திரம் என்ற எண்ணத்தோடு நாம் உள்ளே வருகிறோம். அந்த எண்ணத்தை யாரும் கலைக்காமலே டிப்ளமோவோடு வெளியே போகிறோம். நடுவே டெஃபனிஷன் மட்டும் பரீட்சைத் தாளில் வந்து வந்து போகிறது. இது மாற வேண்டும்.

“சிலபஸை முடிக்கவே நேரம் பத்தவில்லை, இதில் பந்தி வேறு போடணுமா?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அந்தக் கஷ்டம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அடிப்படையில் பத்து நிமிஷம் மிச்சம் பிடித்துவிட்டு, டிஃபரன்ஷியேஷனில் பத்து வாரம் தடுமாறுவது எந்தக் கணக்கில் லாபம்? எதைப் பொறுத்து எது மாறுகிறது என்றே தெரியாதவன், எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஆசிரியர்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். சூத்திரத்தை எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வியைக் கேட்க வையுங்கள்: எல்லோருக்கும் பதில் உண்டா? ஒன்றே ஒன்றுதானா? முடிந்தால் முதல் உதாரணத்தை லேபிலிருந்து கொடுங்கள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே, ‘இதில் எது எதன் சார்பு, எந்த எல்லைக்குள்?’ என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைக் காப்பியடித்து எழுத முடியாது!

நமக்கும் வேலை இருக்கிறது. சீனியர்கள் ஜூனியர்களை வரவேற்று டீ வாங்கிக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். அதோடு வாரம் ஒரு மாலை, தமிழில் படித்து வந்த தம்பி தங்கைகளுக்கு, சார்பும் ஃபங்ஷனும் ஒரே ஆள்தான் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாமே? மாணவர் பேரவை ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும். அரியர் வைத்துத் தேறியவர்கள்தான் இதற்குத் தகுந்த ஆசிரியர்கள். எங்கே வழுக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். முதல் ஆளாக நான் வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வகுப்பில் ஒருவன் எழுந்து கேள்வி கேட்டால், தயவு செய்து சிரிக்காதீர்கள்.

போன மாதம் அந்த நண்பனுக்கு போன் செய்தேன். ஊரில் ஒரு பல்பொருள் கடையில் பில் போடும் வேலை. பழைய கேள்வியை ஞாபகப்படுத்தி, பந்திக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்:

“மச்சான், இது எனக்குத் தெரியும்டா. இங்க சோப்பு பார்கோடை ஸ்கேன் பண்ணா விலை வரும். விலை ஏத்துன மாசம், பழைய ஸ்டாக்கும் புது ஸ்டாக்கும் ஒரே பார்கோடு, ரெண்டு விலை. கம்ப்யூட்டர் பில் போடாம ‘எந்த விலை?’ன்னு கேட்டு நிக்கும். அப்ப அது ஃபங்ஷன் இல்ல. பேட்ச் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தா ஒரே விலை வந்துடும். அப்ப அது ஃபங்ஷன். அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். கேள்வியை முழுசாகக் கேட்பது என்று நான் மேலே நாலு வரியில் எழுதியதை, அவன் சோப்புக் கட்டியை வைத்துச் சொல்லிவிட்டான். போனில் நான் சொன்னேன், “அவ்வளவுதான்டா. நீ அன்னிக்கே சரியாத்தான் கேட்டே. நாங்கதான் சிரிச்சுட்டோம்.”

“விடுடா” என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “அரியரை இப்பவும் எழுத விடுவாங்களா?”

ஆபீசில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விடுவார்கள் என்றால் அந்த மாலை வகுப்பின் முதல் மாணவன் அவன்தான். முதல் நாள் ஃபங்ஷனுக்குச் சாப்பாடும் உண்டு, என் செலவில்!



— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்